வார் தைக்கும் ஊசி



கணக்கு எழுதுகிறவனுக்குத் தையலைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்தது எல்லாம் அம்மாவிடம் பார்த்தது.

சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு சிங்கர் மெசின் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது அம்மா மெசினை விட்டுவிட்டு, ஊசிப்பெட்டியை மட்டும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார்.

இப்போது லண்டனில் எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளுக்கு அம்மாதான் வைத்தியர். தடித்த நைலோன் வார் அறுந்தால் வெட்டிய நுனியை மெழுகுதிரியில் மெல்ல உருக்கி, இழை பிரியாமல் செய்வார். பருத்தி நூல் உக்கிப்போகும் என்று பொலியெஸ்டர் நூல்தான் எடுப்பார். மெசின் என்றால் 18ஆம் இலக்க ஊசி, தையல் 3 அல்லது 4 மில்லிமீற்றர் நீளம். நெருக்கித் தைத்தால் ஊசித் துளைகளே வாரைப் பலவீனமாக்கிவிடும். சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் அடையாளம் போடுவார். வீட்டு மெசின் திணறினால் சக்கரத்தைக் கையால் சுற்றுவார். அதுவும் முடியாவிட்டால் ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசி கோத்து, ஒரே துளைக்குள் எதிரும் புதிருமாகக் கையால் தைப்பார். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் தாங்கும்.

சில மாதங்களுக்கு முன் தங்கையின் மகள் தன் குழந்தையின் கார் இருக்கையோடு வந்தாள். தோள்வார் தேய்ந்து தையல் பிரிந்திருந்தது. "அம்மம்மா, இதையும் ஒருக்கால் தைச்சுத் தாங்கோ."

அம்மா ஊசியை எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "என்ரை தையலிலை உனக்கு நம்பிக்கை இல்லையோ, தம்பி?"

நம்பிக்கை இருக்கிறது. ஆனால் கணக்கு வேறு. மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தை வாரை இழுக்கும் விசை ஏறக்குறைய 135 கிலோ பாரத்துக்குச் சமம். பள்ளிக்கூடப் பை அறுந்தால் புத்தகம் விழும். இது அறுந்தால்? கார் இருக்கையின் வாரும் தையலும் ஒன்றாகவே சோதிக்கப்பட்டு, ஆர் 44 அல்லது ஆர் 129 என்ற முத்திரை பெறுகின்றன. நாங்கள் கை வைத்தால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. இந்த நாட்டில் பொதுவாகப் பிள்ளைக்கு 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை இருக்கை கட்டாயம்.

எதையும் எறியாமல் வாழப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம்தான் எங்களைக் கரைசேர்த்தது. ஆனாலும் நேயர்களே, தோளில் சுமை தொங்கும் வாரைத் தையுங்கள். உயிர் தொங்கும் வாரை மாற்றுங்கள். வரலாறு தெரியாத பழைய இருக்கையை வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

புது இருக்கை வந்தது. வேறு யாரும் எடுத்துப் பாவிக்காதபடி பழையதன் வார்களை அம்மாவே வெட்டினார். தேயாத துண்டுகள் இப்போது என் மரக்கறிப் பைக்குக் கைபிடி.