பந்தைப் பறிக்காதீர்கள்!

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பந்து எதற்கு?" என்று நம் குடியிருப்பில் கேட்கிறோம். இங்கிலாந்திலும் அப்படித்தான் கேட்டார்கள். 1920 டிசம்பரில் பிரஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய ஆட்டத்தை லிவர்பூலில் 53,000 பேர் பார்த்தார்கள். மறு ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. பூட்டுத் திறக்க 50 ஆண்டுகளாயின்.

திறந்த பிறகு வந்த தலைமுறையில் ஒருவர் எம்மா ஹேஸ். 1976இல் லண்டனில் பிறந்தார். 17 வயதில் கணுக்காலில் அடிபட்டது. ஆட்டக்காரராகும் ஆசை முடிந்தது. அவர் முடங்கவில்லை, பயிற்சியாளரானார். நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் போனார். 25 வயதில் அமெரிக்காவில் ஒரு மகளிர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். 2010இல் சிகாகோ அணி அவரை நீக்கியது. லண்டன் திரும்பி, 2012இல் செல்சி மகளிர் அணியை ஏற்றார். 2018இல் நிறைமாதக் கர்ப்பிணியாக மைதானத்தில் நின்று கோப்பை வென்று கொடுத்தார். 2024க்குள் 7 லீக் பட்டங்கள். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த அமெரிக்கப் பெண்கள் பிரேசிலை 1-0 என வென்று தங்கம் பெற்றார்கள்.

பூட்டியிருந்த அந்த 50 ஆண்டுகளில் எத்தனை எம்மாக்கள் அடுப்படியோடு முடிந்தார்களோ!

தோழர்களே, நானும் என் மூத்த மகளைத் தடுத்தவன்தான். வெளியே உரிமை கேட்கும் நாம் வீட்டுக்குள் மறுக்கலாமா? வரும் ஞாயிறு முதல் காலையில் 2 மணி நேரம் மைதானம் பெண் பிள்ளைகளுக்கு. என் இளைய மகள் வருவாள். உங்கள் மகளையும் அனுப்புங்கள்.