கேஸ் போடும் முன் சென்சாரைப் பாருங்கள்

ஏர்கோன் குளிரவில்லை என்றால் உடனே காதில் விழும் சொல், “கேஸ் போயிடுச்சு” என்பதுதான். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ரிமோட்டில் 24 டிகிரி. அறையோ புழுங்குகிறது, குழந்தை தூங்கவில்லை. மறுநாள் வந்தவர் கேஸ் நிரப்பிப் பணம் வாங்கிப் போகிறார். இரண்டே நாளில் பழைய கதை. அடுத்த முறை, “புதுசு வாங்கிடுங்கக்கா” என்கிறார்.

நேயர்களே, அந்தக் கேஸ் கார் பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் ஓட்டைக் குடம்தான்.

கேஸ் சரியாக இருந்தும் குளிராமல் போகலாம். முன்மூடிக்குள், குளிர்ச்சுருள் அருகே, மிளகளவு சென்சார் ஒன்று ஒயர் நுனியில் இருக்கும். அறையின் வெப்பத்தைப் பலகைக்குச் சொல்வது அதுதான். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். அது கெட்டு மின்தடை கூடிப்போனால், “அறை குளிர்ந்துவிட்டது” என்று பொய் சொல்லும். பலகையும் நம்பி வெளியே உள்ள கம்ப்ரசரை நிறுத்திவிடும். சர்வீஸின்போது பிடியிலிருந்து நழுவிச் சுருளைத் தொட்டாலும் இதே கோளாறுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். பிறகு ரிமோட்டை 16க்கு இறக்கி ஐந்து நிமிடம் பொறுங்கள். கம்ப்ரசர் மீண்டும் கிளம்பச் சுமார் மூன்று நிமிடம் ஆகும். 24இல் சும்மா இருந்த வெளி யூனிட் 16இல் ஓடினால், சென்சார்மேல் சந்தேகம் வலுக்கிறது. வெளி யூனிட் நிற்காமல் ஓடியும் குளிரவில்லையென்றால் கேஸையோ அழுக்கையோ பார்க்கலாம். இன்வெர்ட்டர் ரகம் நிற்காமல் வேகம் குறைத்தே ஓடும் என்பதால் அதில் கண்டுபிடிப்பது சற்றுச் சிரமம்.

அதற்குமேல் மூடியைக் கழற்ற வேண்டாம். உள்ளே 230 வோல்ட். தொழில்நுட்பரிடம், மெயினை அணைத்து, சென்சாரைப் பலகையிலிருந்து பிடுங்கி மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பரவலாக உள்ள ரகம் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும். ஐஸ் தண்ணீரில் முக்கினால் சுமார் 30. சில கம்பெனிகளுக்குக் கணக்கு வேறு. முள் அசையவே இல்லையென்றால் ஒயர் அறுந்திருக்கும்.

குளிர்நாடுகளில் தரைக்கடியில் சூடேற்றும் கம்பிக்கும் இதே மாதிரிச் சென்சார்தான். தனிக் குழாய் விடாமல் புதைத்திருந்தால் அங்கே ஓடு உடைக்க வேண்டும், பாவம். நமக்கு மூடியைத் திறந்தால் போதும். புது ஏர்கோன் விலைமுன் சென்சார் விலை சொற்பம். மாற்றும்போது அதே மாடலுக்கு உரியதைப் போடச் சொல்லுங்கள். மின்தடை மாறினால் மறுபடி தப்புக் கணக்குத்தான்.