பச்சிளம் குழந்தையும் பழைய மருந்துப் போத்தலும்

(நூற்றாண்டு விழாவில், பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் பள்ளிக்கு வந்த நாங்கள், இன்று பிள்ளைகளுக்கு மருந்து எழுதுகிறோம். பேரப்பிள்ளை கண்டவர்கள் பலர் இங்கிருப்பதால், ஒரு மருந்துப் போத்தலைப் பற்றியே கதைக்க விரும்புகிறோம்.

பிள்ளை பால் கக்கினால், மூத்த பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய சத்தி மருந்தைத் தேடுவது நம் வீடுகளின் வழக்கம். பல வேளை அது டொம்பெரிடோன். பயிற்சிக் காலத்தில் நாங்களும் அதை அதிகம் யோசியாமல் எழுதியதுண்டு, மறைக்க விரும்பவில்லை.

முன்பு இதே தேவைக்கு சிசப்ரைட் என்ற மருந்து இருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். எல்லா வயதினரிலுமாக 341 இதயத் துடிப்புக் கோளாறுகளும், அவற்றுள் 80 மரணங்களும் அறிவிக்கப்பட்ட பின், 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதன் பொது விற்பனை நின்றது. டொம்பெரிடோனுக்கு 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை கடும் கட்டுப்பாடு விதித்தது.

காரணம் எளிது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசையிலிருந்து பொற்றாசியம் வெளியேறினால்தான் அது அடுத்த துடிப்புக்குத் தயாராகும். இம்மருந்துகள் அதைத் தாமதப்படுத்துகின்றன. தாமதம் நீண்டால் தாளம் தவறும். குறைமாதப் பிள்ளையின் ஈரல் மருந்தை மெதுவாகவே சிதைக்கும். எரித்ரோமைசினோ ஃபுளுக்கொனசோலோ சேர்ந்தால் இன்னும் மெதுவாகும். அதனால் தனியே தீங்கில்லாத அளவும் சேரும்போது நஞ்சாகலாம்.

நிறை கூடிச் சிரித்து விளையாடும் பிள்ளை பால் கக்குவது பெரும்பாலும் நோயல்ல. ஒரு வயதுக்குள் அநேகமாகத் தானே நின்றுவிடும். பாலூட்டியபின் தோளில் நிமிர்த்திப் பிடியுங்கள். நித்திரைக்கு மல்லாக்கக் கிடத்துங்கள். சத்தி பச்சையாக வந்தால், நிறை ஏறாவிட்டால், பிள்ளை நீலம் பாரித்தால், வீட்டில் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் எல்லா மருந்தையும் டொக்டரிடம் காட்டுங்கள். பால் சுரக்கவென்று தாய் விழுங்கும் மாத்திரையையும் சொல்லுங்கள். டொக்டர் எழுதித் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து பார்சல் அனுப்பும் தோழிகளே, பிள்ளைக்கு உடுப்பு அனுப்புங்கள், மருந்து வேண்டாம்.

தெரியாததைக் கையுயர்த்திக் கேள் என்று இப்பள்ளி எங்களுக்குச் சொல்லித் தந்தது. சின்னக் கரண்டியைக் கையில் எடுக்கும் முன், நாம் எல்லோரும் அதையே செய்வோம்.