கொல்லையைக் காக்கும் வழி

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வீட்டுக்கொரு காய்கறித் தோட்டம் வேண்டும் என்று நாம் ஊர்தோறும் சொல்லி வருகிறோம். விதை கொடுக்கிறோம், பாத்தி கட்டவும் கற்பிக்கிறோம். முளைத்ததைக் காப்பது எவ்வாறு என்பதை மட்டும் சொல்லாமல் திரும்பிவிடுகிறோம். அண்மையில் ஒரு சிற்றூரில் மூதாட்டி ஒருவர் நம்மைத் தம் கொல்லைக்கு அழைத்துச் சென்றார். கத்தரி நாற்றுகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வள்ளிக்கிழங்குக் கொடியின் அடி தோண்டப்பட்டிருந்தது. “விதை கொடுத்தீர்கள், சரி, இந்த அணிலுக்கு என்ன வழி, ஐயா?” என்று அவர் கேட்டார். நாம் உடனே விடை கூற இயலாமல் நின்றோம்.

அணிலைக் குற்றம் சொல்லுமுன் தடயத்தைப் பார்த்தல் வேண்டும். அணில் பகலில் வரும். விதைத்த நிலக்கடலையையும் மொச்சையையும் மேலாகக் கிளறி எடுக்கும். கோழி சீய்த்த இடம் அகலமாகவும் ஆழமின்றியும் இருக்கும். வளை தோண்டி, மண்ணைக் குவித்து, கிழங்கைக் குடைவது பெருச்சாளி; அது இரவில் வரும். மாலையில் மண்ணைச் சமன் செய்து சாம்பல் தூவி வைத்தால் காலையில் கால்தடம் உண்மையைச் சொல்லிவிடும். மூதாட்டியின் கொல்லையில் அவ்வாறே செய்து பார்த்தோம். குற்றவாளி அணில் அன்று. வைக்கோற்போரின் அடியில் வளை வைத்திருந்த பெருச்சாளியே!

அணிலுக்கும் கோழிக்கும் தடுப்பு ஒன்றே போதும். விதைத்தவுடன் பாத்தியின்மேல் இலந்தை முள்ளையோ கருவேல முள்ளையோ பரப்பலாம். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையைக் கவிழ்த்து வைப்பது இன்னும் நன்று. நிலக்கடலை மண்ணுக்கு மேல் வர ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அந்த நாள்களில் காவல் தவறக் கூடாது.

பெருச்சாளிக்கு வலையை ஓரடி ஆழம் புதைத்து, அதன் அடியை வெளிப்புறமாக மடக்கிவிட வேண்டும். மாலையில் எல்லா வளைகளையும் அடைத்துவிட்டு, காலையில் எவை திறந்துள்ளனவோ அவற்றின் வாயில் மட்டும் பொறி வைக்க வேண்டும். வயல் எலிக்குக் காவிரிப் படுகை உழவர்கள் மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டியை வைக்கிறார்கள். ஆந்தையையும் சாரைப்பாம்பையும் அடித்துவிடாதீர்கள். கூலி கேளாத காவலர்கள் அவை.

இரண்டு காரியங்களை ஒருபோதும் செய்யலாகாது. ஒன்று, சோற்றில் நஞ்சு கலந்து வைப்பது. நாயும் கோழியும் ஏன், குழந்தையும் அறியாமல் அதை எடுக்கக்கூடும். மற்றொன்று, பன்றிக்கென்று வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரு குட்டிகள் தாயின்றி நின்றன. இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் உழவருக்கும் அதே கதி நேரலாம். மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். காட்டுப்பன்றியால் பயிர் அழிந்தால் வனத்துறையிடம் முறையிட்டு இழப்பீடு கோருங்கள்.

வழிகளையெல்லாம் கேட்ட பின் அந்த மூதாட்டி ஒன்று சொன்னார்: “நான் துரத்தினால் அது அடுத்த வீட்டுப் போருக்குத்தானே போகும்?” நாம் எண்ணிப் பாராத உண்மை அது. ஒரு வீடு மட்டும் செய்தால் பலனில்லை. ஆகவே, ஊராட்சி ஒரு நாளைக் குறித்து, எல்லா வார்டுகளிலும் ஒரே வேளையில் குப்பையையும் பழைய விறகுக் குவியலையும் அகற்றி, வளைகளை அடைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வரும் அக்டோபர் 2 கிராம சபையில் இதற்கென ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

விதைப்பது ஒருவர் கை. காப்பது ஊரார் கை.