ஐரோப்பாவின் திகதிகளும் எங்கட ஊர்ச் செய்தியும்

ஸ்கந்தபுரத்தில் இருந்து கதைக்கிறேன். வன்னியில் இருந்துகொண்டு பத்திரிகைக்கோ, வானொலிக்கோ, யூரியூப்புக்கோ செய்தி தரத் தொடங்கியிருக்கிற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இன்றைய பேச்சு. மற்றவர்களும் கேட்கலாம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற அம்மா அப்பாமார் கட்டாயம் கேளுங்கோ.

ஒவ்வொரு வருடமும் பெரிய செய்தி நிறுவனங்கள் ஐரோப்பாவின் அரசியல், பொருளாதார நிகழ்வுகளைத் திகதி வாரியாகத் தொகுத்துத் தங்கட செய்தியாளர்களுக்குக் கொடுக்கும். எந்த நாள் எந்தக் கூட்டம், எந்த வங்கி வட்டியை அறிவிக்கும், எங்கே தேர்தல் என்று எல்லாம் அதில் இருக்கும். அக்கராயன், கோணாவில், ஜெயபுரம் என்று சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஓடித் திரிகிற எங்களுக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்கிறேன், எங்களுக்குத்தான் அது கூடுதலாக வேண்டும்.

2006 மே 29ஐ எடுங்கோ. அன்றுதான் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அந்த நேரம் இங்கே 2002 பெப்ரவரி 22 உடன்படிக்கையின் கீழ் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு வேலை செய்துகொண்டிருந்தது. நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து என்று ஐந்து நாட்டவர். இவற்றில் சுவீடன், பின்லாந்து, டென்மார்க் மூன்றும் ஒன்றிய நாடுகள். தடை போட்ட நாட்டவர் நடுநிலைக் கண்காணிப்பாளராக இருக்க முடியாது என்று புலிகள் சொன்னார்கள். செப்டெம்பருக்குள் அந்த மூன்று நாட்டவரும் போனார்கள். மிஞ்சியது நோர்வேயும் ஐஸ்லாந்தும். 2008 ஜனவரியில் உடன்படிக்கையே முடிந்தது. அந்தத் தடை சரியா பிழையா என்று இங்கே வாதாட வரவில்லை. பிரசல்ஸில் எடுத்த ஒரு முடிவு, மூன்று மாதத்துக்குள் எங்கட வீதியில் ஓடிய கண்காணிப்புக் குழுவின் வெள்ளை வாகனங்களைக் குறைத்தது. இது நடந்த விசயம். அப்படியான இடத்தில் இருக்கிற செய்தியாளர் அந்தத் திகதிகளைத் தெரிந்து வைத்திருக்காமல் இருக்கலாமா?

அடுத்து நான் சொல்லப் போவதைக் கொப்பியில் எழுதுங்கோ. 2027. எங்களைப் பொறுத்தவரை மிகவும் பாரமான ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தருகிற ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையின் பழைய ஒழுங்குவிதிக்கு விதிக்கப்பட்ட காலம் 2027 இறுதி. ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றி 2025 ஒக்டோபரில் வந்த 60/1 தீர்மானம் இரண்டு வருட நீடிப்பு. அதுவும் 2027 இலையுதிர் கால அமர்வில்தான் திரும்ப மேசைக்கு வரும். பிரான்சில் ஜனாதிபதித் தேர்தல் 2027இல். சுவிஸில் நாடாளுமன்றத் தேர்தல் 2027 ஒக்டோபரில். ஒன்றியத்தின் ஏழாண்டு வரவுசெலவுத் திட்டமும் 2027உடன் முடிகிறது. கண்ணிவெடி அகற்றலுக்கும் கிராம அபிவிருத்திக்கும் அவர்கள் தரும் காசு அடுத்த ஏழாண்டில் எவ்வளவு என்பது அந்தப் பேரம்பேசலில்தான் தீரும். ஒன்றியத்தின் தலைமைப் பொறுப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடு மாறும். 2027 முதல் அரையாண்டு லித்துவேனியா, இரண்டாவது அரையாண்டு கிரேக்கம்.

இதில் ஜி.எஸ்.பி. பிளஸ்ஸைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கட ஊர்ப் பிள்ளைகளின் சம்பளம் அதில் இருக்கிறது. விடியக் காலையில் சந்தியில் நின்று தொழிற்சாலை பஸ் ஏறுகிற பெண் பிள்ளைகளை நீங்கள் தினமும் காண்கிறீர்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்கள் தைக்கிற உடுப்பில் ஒரு பகுதி ஐரோப்பியச் சந்தைக்குப் போகிறது. 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிப்போம் என்று இலங்கை ஒப்புக்கொண்டதற்குப் பதிலாக அந்த உடுப்புக்கு அங்கே இறக்குமதி வரி இல்லை. வரி வந்தால் விலை கூடும், கட்டளை வேறு நாட்டுக்குப் போகும்.

ஒரு தடவை அது பறிபோனது. எப்படிப் போனது என்ற வரிசையைப் பாருங்கோ. அந்த உடன்படிக்கைகளை இலங்கை கடைப்பிடிக்கிறதா என்று 2008 ஒக்டோபரில் ஐரோப்பிய ஆணைக்குழு விசாரணை தொடங்கியது. அந்த மாதம் இந்தப் பகுதிச் சனம் மூட்டை முடிச்சோடு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. 2009 ஒக்டோபரில் விசாரணை அறிக்கை வந்தது. அந்த நேரம் எங்கட சனம் மெனிக் பாம் முகாமில். 2010 பெப்ரவரியில் நிறுத்துவதாக முடிவு, ஓகஸ்ட் 15 முதல் நிறுத்தம். திரும்பக் கிடைத்தது 2017 மே மாதம். விசாரணை தொடங்கியதில் இருந்து நிறுத்தம் வரை கிட்டத்தட்ட இரண்டு வருடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு திகதி, ஒவ்வொரு திகதிக்கு முன்னும் எழுத நேரம் இருந்தது. ஆனால் யாரைப் பற்றி அந்த விசாரணை நடந்ததோ அவர்களின் குரல் அதில் எவ்வளவு வந்தது? முள்வேலிக்கு உள்ளே இருந்தவர்களிடம் போய்க் கேட்கச் செய்தியாளரை விடவில்லை. இப்போது விடுகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், இந்த முறை கேளுங்கோ.

இன்னொன்று. 2021 ஜூன் 10ஆம் திகதி ஐரோப்பிய நாடாளுமன்றம் 628 வாக்குகளோடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்த்தவர்கள் 15 பேர், வாக்களிக்காமல் இருந்தவர்கள் 40 பேர். இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை முன்வைத்து, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று ஆணைக்குழு ஆராய வேண்டும் என்பதுதான் அதன் உள்ளடக்கம். அதை ‘சலுகை இரத்து’ என்று தலைப்புப் போட்டால் அது பொய். நாடாளுமன்றம் கேட்கலாம், அழுத்தலாம். நிறுத்துகிற நடைமுறையைத் தொடக்குவது ஆணைக்குழு. அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு தையல்காரப் பிள்ளை இரவு நித்திரை கொள்ளாமல் இருந்தால் அந்தப் பாவம் எழுதினவருக்கு. புதிய ஒழுங்குவிதிக்கான வரைவை ஆணைக்குழு 2021 செப்டெம்பரில் முன்வைத்தபோதே, சலுகை பெறும் நாடுகள் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும், உடன்படிக்கைகளின் எண்ணிக்கையும் கூடும் என்று சொல்லிவிட்டது. ஆகவே இலங்கை எப்போது விண்ணப்பிக்கிறது, பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக என்ன சட்டம் வருகிறது, இரண்டையும் சேர்த்தே பின்தொடர வேண்டும். கொழும்பில் அமைச்சர் சொல்வதை எழுத அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் பிடிபட்டவரின் வீடும், அந்தச் சலுகையில் வேலை செய்கிற பிள்ளையின் வீடும் ஒரே ஒழுங்கையில் இருப்பதை எழுத உங்களால் மட்டும்தான் முடியும்.

மீனுக்கும் இப்படி ஒன்று நடந்தது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 ஜனவரியில் இருந்து இலங்கை மீனுக்கு ஒன்றியம் தடை போட்டது. 2016இல்தான் எடுத்தார்கள். முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிறவர்கள் அதைத் தேடிப் படியுங்கோ.

இனி ஜெனீவா. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மனித உரிமைகள் பேரவை ஐ.நா.வின் அமைப்பு. கூட்டம் நடப்பது சுவிஸில், சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பேரவையின் 47 உறுப்பு நாடுகள் எல்லாக் கண்டத்திலும் இருந்து வருபவை. ஸ்ட்ராஸ்பேர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் ஒன்றியத்தின் நீதிமன்றம் இல்லை. இதையெல்லாம் ஒன்றாகக் குழைத்து ‘ஐரோப்பா சொன்னது’ என்று எழுதாதேயுங்கோ.

பேரவைக்கு வருடத்தில் மூன்று வழமையான அமர்வு. பெப்ரவரி கடைசியில் தொடங்குவது ஒன்று, ஜூனில் ஒன்று, செப்டெம்பரில் ஒன்று. எங்கட கணக்கில் சொன்னால் காலபோக அறுவடை நேரம் ஒன்று, சிறுபோக அறுவடை முடிகிற நேரம் ஒன்று. ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகரின் அறிக்கை அமர்வுக்கு முன்பே வெளிவந்துவிடும். தீர்மான வரைவும் வாக்கெடுப்புக்கு முன் சுற்றுக்கு வரும். வாக்கெடுப்பு கடைசி நாட்களில். 2021 மார்ச்சில் 46/1 தீர்மானத்துக்கு ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. 2022 ஒக்டோபரில் 51/1க்கு 20, 7, 20. 2024இலும் 2025இலும் தீர்மானங்கள் வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேறின. இந்த இலக்கங்களை வைத்திருந்தால், கொழும்பில் ‘வெற்றி’ என்றும் இங்கே ‘துரோகம்’ என்றும் ஆளாளுக்குச் சொல்லும்போது நீங்கள் நிதானமாக எழுதலாம்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கோ. ஜெனீவாவில் காலை 10 மணி என்றால் மார்ச் அமர்வின் பெரும்பகுதியில் எங்களுக்குப் பிற்பகல் 2.30. செப்டெம்பரில் 1.30. அங்கே மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மணிக்கூட்டை மாற்றுவார்கள், நாங்கள் மாற்றுவதில்லை. ஐ.நா. இணையத் தொலைக்காட்சியில் முழு அமர்வும் நேரலையாக வரும். கைத்தொலைபேசி போதும்.

ஆனால் எனக்கு மனவருத்தம் ஒன்று இருக்கிறது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஜெனீவா அமர்வுக்கும் கமரா வருகிறது, அழுகிற முகத்தை எடுக்கிறது, போகிறது. எத்தனை தாய்மார் பதில் தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது, எந்த அலுவலகத்தில் எந்த ஆண்டு கொடுத்தார்கள், என்ன பதில் கடிதம் வந்தது என்பதை ஒவ்வொரு குடும்பமாகப் பதிந்து வைத்திருக்கிற செய்தியாளர் எத்தனை பேர்? அமர்வு நாளில் கண்ணீரை மட்டும் படம் எடுப்பது செய்தி இல்லை. அமர்வுக்கு ஆறு மாதம் முன்பே போய் இருந்து, கோப்பைத் திறந்து, திகதிகளைச் சரிபார்த்து எழுதுவதுதான் செய்தி. பெயர் போடலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் போடாமல் விடுங்கோ.

வெளிநாட்டில் இருந்து வருகிற காசு விசயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய மத்திய வங்கி வருடத்தில் எட்டுத் தடவை வட்டி முடிவு எடுக்கும். சுவிஸ் தேசிய வங்கி மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசெம்பர் என்று நாலு தடவை. யூரோவும் பிராங்கும் ஏறி இறங்கினால் இங்கே பாதி கட்டின வீட்டின் கூரையும், அறுவடை மெசினுக்குக் கொடுக்கிற காசும் ஏறி இறங்கும். ஆனால் எல்லாம் நாட்காட்டியில் வராது. 2015 ஜனவரி 15, சுவிஸ் தேசிய வங்கி யூரோவுக்கு எதிராக வைத்திருந்த 1.20 என்ற எல்லையை முன்னறிவித்தல் இல்லாமல் கைவிட்டது, பிராங் ஒரே நாளில் பாய்ந்தது. அப்படியான நாளில் வங்கியிலும் கேளுங்கோ, உண்டியல்காரரிடமும் கேளுங்கோ.

அகதி விசயத்தை அவசரப்படாமல் எழுத வேண்டும். ஒன்றியத்தின் புதிய குடியேற்ற, புகலிட ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் திகதி 2026 ஜூன் 12 என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. எந்த நாட்டவரின் புகலிட விண்ணப்பங்களில் ஏற்கப்படுவது சராசரி 20 வீதமோ அதற்குக் குறைவோ, அந்த நாட்டவரை எல்லையிலேயே வைத்து விரைவாக விசாரிக்கும் நடைமுறை அதில் இருக்கிறது. பிரித்தானியா இதற்குள் இல்லை. 2020 ஜனவரி 31உடன் அது ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டது. சட்டம் மாறுகிற ஒவ்வொரு முறையும் ஏஜென்சிக்காரர் ஊருக்குள் வந்து, ‘கடைசிச் சந்தர்ப்பம், இப்ப விட்டால் கதவு பூட்டிவிடுவான்’ என்று சொல்லிக் காணி உறுதியை ஈடுவைக்கப் பண்ணுவார்கள். இதற்கு எதிராக ஒரு நல்ல செய்தி எழுதினால் ஒரு குடும்பத்தின் காணி மிஞ்சும். அம்மா அப்பாமாரே, யாராவது வந்து ஐரோப்பியச் சட்டம் பற்றிச் சொன்னால், எந்தச் சட்டம், எந்தத் திகதி, எழுத்தில் காட்டு என்று கேளுங்கோ.

கடைசியாகக் கண்ணிவெடி. இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. வெடி அகற்றி முடிக்க வேண்டிய காலக்கெடு 2028 ஜூன் 1. முகமாலையில் எங்கட பெண்கள் முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறிய அதே 2025இல், லித்துவேனியா, லத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும் ரஷ்யாவைக் காரணம் காட்டி அந்த உடன்படிக்கையை விட்டு விலகும் முடிவை எடுத்தன. கண்ணிவெடி வயலில் என்ன செய்யும் என்று உலகத்துக்குச் சொல்ல எங்களை விடத் தகுதி உள்ளவர்கள் யார்? காலை இழந்த ஒரு விவசாயியின் வாக்குமூலம், விலகிய நாடொன்று தலைமை வகிக்கிற ஆறு மாதத்தில் பிரசல்ஸ் வரை போக வேண்டும். தமிழில் எழுதுங்கோ. மொழிபெயர்க்க வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு திகதியையும் அந்தந்த அமைப்பின் சொந்த இணையப் பக்கத்தில் பார்த்து உறுதிப்படுத்துங்கோ. முகநூலில் வந்ததை அப்படியே எடுக்காதேயுங்கோ. ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில், இந்த முடிவு இங்கே யாரைத் தொடும் என்று ஒரு வீட்டை எழுதுங்கோ. வீடு எழுத முடியாத திகதியை விட்டுவிடுங்கோ, அது உங்கட வேலை இல்லை.

2027 செப்டெம்பர் அமர்வுக்கு இருக்கிற நேரம் பெரிதில்லை. கோயிலடியில் இருக்கிற ஒரு தாயின் கோப்போடு இந்தக் கிழமையே தொடங்குங்கோ.