எடை தயங்குவது ஏன்?

உடலின் எடையைக் குறைக்க முற்பட்டோர் பலரும் ஒரு கட்டத்தில் எழுப்பும் வினா ஒன்று உண்டு. தொடக்கத்தில் விரைந்து இறங்கிய எடை, குறித்துக்கொண்ட இலக்கை நெருங்க நெருங்க ஏன் தயங்குகிறது? இன்னும் மூன்றே கிலோ என்னும் அளவுக்கு வந்தபின், எடைப்பொறியின் முள் ஏன் அசைய மறுக்கிறது? இதன் காரணம் அறியாமையால் சிலர் மனம் உடைந்து முயற்சியையே கைவிடுகின்றனர். இழந்த எடை சில மாதங்களில் திரும்பி வந்துவிடுகிறது. வேறு சிலர் ஒருவேளை உணவையும் விட்டுப் பட்டினி கிடந்து உடலைக் கெடுத்துக்கொள்கின்றனர். இவ்விரு கேட்டினின்றும் தப்ப வேண்டுமாயின், உடல் எவ்வாறு கணக்கு வைக்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

இவ்வினாவை ஆராய நாம் தேர்ந்துகொள்ளும் களம் கேரளத்தின் தென்கோடியில் உள்ள நெய்யாற்றின்கரைத் தாலுகா. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. நடுவே மாநில எல்லை ஓடுகிறதே தவிர, அடுக்களையில் எல்லை எதுவும் இல்லை. இருபுறமும் அதே சம்பா அரிசிச் சோறு, அதே தேங்காய் அரைத்த மீன்கறி, அதே மரச்சீனிக்கிழங்கு, அதே ஏத்தங்காய் வற்றல். தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் நாடு அது. பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலருடைய வாழ்க்கைக்கும் அந்நாட்டின் வரலாறு ஓர் எடுத்துக்காட்டு எனலாம்.

மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றபோது, ஏழை எளியவரின் பசியைத் தாங்கியது அக்கிழங்கே. வேகவைக்காத கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 160 கலோரி ஆற்றல் உண்டு. அதே அளவு அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி. பனை ஏறியவர்க்கும், மண்வெட்டி பிடித்தவர்க்கும், பலராமபுரத்துக் குழித்தறியில் நாள் முழுதும் கால்மிதித்து நெய்தவர்க்கும் அவ்வுணவு தேவைக்கு மிஞ்சியதன்று. இன்றோ உழைப்பு சுருங்கிவிட்டது; உணவு சுருங்கவில்லை. அலுவலக நாற்காலியை நாடி மும்பைக்கும் பெங்களூருக்கும் தில்லிக்கும் சென்ற நாமும் ஊர்ச் சோற்றின் அளவை உடன்கொண்டு சென்றோம். ஊர் உழைப்பைக் கொண்டு செல்லவில்லை.

விளைவு என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. வயதுவந்தோரில் நீரிழிவு உடையோர் இந்தியா முழுவதற்கும் 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4, கேரளத்தில் 25.5. நால்வரில் ஒருவர் என்பது சிறிய செய்தியன்று. எடையைப் பற்றிய பேச்சு அழகைப் பற்றியதன்று என்பதற்கு இவ்வெண்ணே சான்று.

இனி வினாவுக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். 165 சென்டிமீட்டர் உயரமும் 82 கிலோ எடையும் உள்ள ஒருவர், 68 கிலோவை இலக்காகக் கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உடல் நாளொன்றுக்கு 2,400 கலோரி செலவிடுகிறது. அவர் 1,900 கலோரி மட்டும் உண்ணத் தொடங்குகிறார். நாள்தோறும் 500 கலோரி பற்றாக்குறை. ஒரு கிலோ எடையை ஏறக்குறைய 7,700 கலோரியாக மதிப்பிடும் பழைய வாய்பாடு ஒன்று உண்டு. அதன்படி மாதம் இரண்டு கிலோ குறைய வேண்டும். ஏழு மாதத்தில் இலக்கு கைக்கு வர வேண்டும். நடப்பதோ வேறு.

காரணம் யாதெனில், செலவு நிலையாக நிற்பதில்லை. எடை குறைந்த உடல் சிறிய உடல். அதனைப் பேணவும் சுமந்து நடக்கவும் வேண்டும் ஆற்றலும் குறைவு. அன்றியும், உணவு குறைவதை உணர்ந்த உடல் தன் செலவைத் தானாகவும் சிறிது சுருக்கிக்கொள்கிறது. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நாட்செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது என்று அறிஞர் கணித்துள்ளனர். நடுவெண்ணாக 25 எனக் கொள்வோம். பத்துக் கிலோ இறங்கியவுடன் நம் நண்பரின் செலவு 250 கலோரி குறைந்துவிட்டது. எனவே 500 ஆக இருந்த பற்றாக்குறை இப்போது 250 தான். மாதம் இரண்டு கிலோ இறங்கியது ஒரு கிலோவாகிறது. பதினான்கு கிலோவை எட்டும் தறுவாயில் எஞ்சும் பற்றாக்குறை 150 கலோரி. மாதத்திற்கு 600 கிராம் இறங்கினாலே பெரிது. அவர் ஒரு கவளமும் கூடுதலாக உண்ணவில்லை. ஒரு நாளும் ஒழுங்கு தவறவில்லை. ஆயினும் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலனாகும். உடலுக்கு நம் இலக்கு தெரியாது. 68 என்று நாம் தாளில் எழுதி வைத்ததை அது படித்ததில்லை. இலக்கை நெருங்கியதனால் எடை தயங்கவில்லை. புறப்பட்ட இடத்திலிருந்து நெடுந்தொலைவு வந்துவிட்டதனால் தயங்குகிறது. அவர் 60 கிலோவை இலக்காகக் கொண்டிருந்தாலும் 68-இல் இதே தயக்கம் இருந்திருக்கும். ஆகவே இத்தயக்கம் தோல்வியின் அடையாளமன்று. வந்த வழியின் அளவு என்றே கொள்ளுதல் தகும்.

இவ்வுண்மை புதிதன்று. 1944-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமே முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் அரைவயிற்று உணவளித்து ஆராய்ந்தார். போரினால் பட்டினியுற்றோரை மீட்கும் வழியறிவதே அவர் நோக்கம். அவ்விளைஞர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். ஓய்வுநிலையில் அவர்கள் உடல் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய 40 விழுக்காடு வீழ்ந்தது. நாடித்துடிப்புத் தளர்ந்தது, குளிர் தாங்க இயலவில்லை, எண்ணமெல்லாம் உணவைச் சுற்றியே சுழன்றது. எடை நின்றுவிட்டதே என்று பட்டினியில் இறங்குவோர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.

செலவு குறைவது ஒரு பாதி. பசி மிகுவது மறுபாதி. 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் சுரப்பு, கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் செல்லும் தூது. கொழுப்பு குறையுந்தோறும் தூது நலிகிறது. மூளை பசியைத் தூண்டுகிறது. ஒரு கிலோ குறைந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி அளவுக்கு உண்ணும் வேட்கை கூடுகிறது என்பது அண்மைக் காலத்துக் கணிப்பு. முதல் மாதத்தில் எளிதாக ஒதுக்கிய வற்றல் பொட்டலம் ஆறாம் மாதத்தில் கையை இழுப்பது மனத்தின் பலவீனம் மட்டுமன்று. தாளிக்கும்போது ஒரு மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெய் கூடினால் 120 கலோரி கூடிற்று; எஞ்சியிருந்த 150 கலோரிப் பற்றாக்குறையில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். நாம் உண்பதை நாமே குறைத்து மதிப்பிடுவது மனித இயல்பு. உணவைக் குறைத்தும் எடை குறையவில்லை என்று முறையிட்ட சிலரை 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் சோதித்தபோது, அவர்கள் உண்மையில் உண்டதில் ஏறக்குறைய பாதியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது தெரிந்தது.

மூன்றாவதாக, நீர் செய்யும் மயக்கம். தொடக்க வாரங்களில் இறங்கும் எடையில் ஒரு பகுதி கொழுப்பன்று. உடல் சேமித்து வைத்துள்ள கிளைகோஜன் என்னும் மாப்பொருள், தன்னைப்போல் மூன்று மடங்கு நீரையும் பிடித்து வைத்திருக்கிறது. உணவு குறைந்ததும் இரண்டும் கழிகின்றன. முள் விரைந்து இறங்குகிறது. அந்த வேகத்தை நாம் நிலையானதென்று நம்பிவிடுகிறோம். பின்னாளில் மாதம் 600 கிராம் இறங்கும்போதோ, ஒரு நாள் உப்புக் கருவாடு உண்டாலே நீரினால் ஒரு கிலோ ஏறியதுபோல் தோன்றும். உண்மையான இறக்கம் அந்த ஏற்றத்தாழ்வுக்குள் மறைந்துவிடுகிறது.

எடை குறைக்க இன்று ஊசி மருந்துகளும் வந்துள்ளன. அவையும் இவ்விதிக்கு முற்றிலும் விலக்கல்ல. செமகுளூடைட் என்னும் மருந்தைப் பற்றி 2021-இல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காட்டளவு எடை குறைந்தது. ஆயினும் அறுபதாம் வாரத்தையொட்டி இறக்கம் நின்று சமநிலை வந்துவிட்டது.

அப்படியாயின் முயற்சி வீண்தானா? அன்று. மீண்டும் நெய்யாற்றின்கரைக்கு வருவோம். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்கள், ஆஸ்திரேலிய அறிஞரின் துணையுடன், கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்னும் ஆய்வை 2013-இல் இத்தாலுகாவிலேயே தொடங்கினர். 60 வாக்குச்சாவடிப் பகுதிகள். 30 வயது முதல் 60 வயது வரையுள்ள, நீரிழிவு வரக்கூடிய 1,007 பேர். ஒரு பாதியினர் ஓராண்டு முழுதும் அண்டை அயலாருடன் குழுவாகக் கூடினர். அவர்களுள் சிலரே பயிற்சி பெற்று வழிநடத்தினர். சேர்ந்து நடந்தனர், வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிட்டனர்.

2018-இல் முடிவு வெளிவந்தது. ஈராண்டுகளில் நீரிழிவு வந்தோர் குழுவில் சேர்ந்தவர்களிடையே 14.9 விழுக்காடு, சேராதவர்களிடையே 17.1 விழுக்காடு. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று அறிஞர்கள் மறைக்காமல் உரைத்தனர். ஆனால் குழுவினர் காய்கனி உண்பது கூடியது, மதுப்பழக்கம் குறைந்தது, உடல் இயங்கும் திறன் மேம்பட்டது. பழக்கத்தை மாற்ற இயலும் என்பதற்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எளிய மக்களே சான்று பகர்ந்தனர்.

இதனோடு, சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவையும் வைத்து எண்ணுவோம். நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை அவர்கள் மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. வியப்பு யாதெனில், திருத்திக்கொண்டவர்களின் எடை சொல்லத்தக்க அளவு குறையவே இல்லை! எடைப்பொறி வாளாவிருந்த வேளையிலும் உடலின் உள்ளே நன்மை நடந்துகொண்டிருந்தது.

இவற்றிலிருந்து நாம் கைக்கொள்ளத்தக்கவை சில. முதலாவது, இலக்கையே ஒருமுறை சீர்தூக்கிப் பார்த்தல். அமெரிக்காவில் 2002-இல் வெளியான பேராய்வில், தம் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதுமே இலக்காக வைக்கப்பட்டன. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. 82 கிலோ உள்ளவர்க்கு அது ஆறு கிலோவுக்கும் குறைவு. எனவே கடைசி மூன்று கிலோவுக்காக முதல் பத்துக் கிலோவின் பயனை இழத்தல் அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது, அளவுகோலை மாற்றுதல். நாள்தோறும் எடை பார்த்து வருந்துவதைவிட, வாரச் சராசரியைப் பார்ப்பது நன்று. அதனினும் நன்று இடுப்புச் சுற்றளவு. ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் இந்தியர்க்கு வகுத்த எல்லை. மூன்றாவது, தசையைக் காத்தல். கொழுப்பு குறையக் குறைய, எடையோடு தசையும் கூடுதலாகக் கரையும். பயறு, மீன், முட்டை, மோர் ஆகியவற்றைக் குறைக்காமல் சோற்றையும் எண்ணெயையும் குறைப்பதும், வாரத்தில் இருநாளேனும் பளு தூக்கும் பயிற்சி செய்வதும் இதற்கு உதவும். நான்காவது, தயங்கும் இடத்தில் சில வாரம் தங்கி, அந்த எடையை ஏறவிடாமல் காத்தல். காத்து நிற்பதும் வெற்றியே. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தல் கூடாது; முயலாமலே எடை குறைவோர் உடனே மருத்துவரைக் காணுதல் வேண்டும்.

நேயர்களே, தொலைதூர நகரங்களில் தனித்து வாழும் நமக்கு நெய்யாற்றின்கரை மக்கள் காட்டிய வழி ஒன்று சிறப்பாகப் பொருந்தும். அவர்கள் தனியே முயலவில்லை. நான்கு வீட்டாரோடு கூடி முயன்றனர். நம் குடியிருப்பிலும், நம் தமிழ்ச் சங்கத்திலும் மாலையில் சேர்ந்து நடக்க நால்வர் கிடைக்காமற் போகார். முள் நின்றாலும் நம் கால்கள் நில்லாதிருக்கட்டும்.