கைக்கு எட்டும் உயரம்

கோல சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை செல்லும் சாலை நம்மில் பலருக்குப் பழக்கமானது. 2007ஆம் ஆண்டு பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய அந்த ஊரையொட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கினார். பெயரிலே தென்னை, பெருமையோ செம்பனைக்கு! அந்த மரங்களைப் பற்றிப் பேசியவர்கள் பலர். அவற்றினிடையே வாழ்ந்த நம்மவர் வீட்டுக் குசினியைப் பற்றி இன்று கொஞ்சம் பேசுவோம்.

லயத்து வீட்டுக் குசினியில் அலமாரி பெரும்பாலும் இருந்ததில்லை. பலகைச் சுவரில் ஆணிகள்; ஆணிகளில் கரண்டி, சல்லடை, முறம். அடுப்பருகே ஒரு பலகைத் தட்டு. அதன்மேல் உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டின், சீனி டின். இவற்றில் பாதி, மைலோவோ மாவுப்பாலோ வந்த டின்களாகவே இருக்கும். சற்று வசதியான வீட்டில், கம்பிவலை அடித்த சாப்பாட்டு அலமாரி ஒன்று நான்கு தண்ணீர்க் கிண்ணங்களில் கால் வைத்து நிற்கும். எறும்பு ஏறாமலிருக்க அந்த ஏற்பாடு. அந்தக் கிண்ணத்துத் தண்ணீரிலே ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதை நாம் பிற்பாடுதான் அறிந்துகொண்டோம். இன்றும் அத்தகைய கிண்ணம் வைத்திருப்பவர்கள், வாரம் ஒருமுறையாவது அதைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அந்தக் குசினியில் ஒரு நல்ல ஒழுங்கு இருந்தது. விடியுமுன்னே பெரட்டுக்குப் போகவேண்டிய தாய், அரையிருட்டில் கையை நீட்டினால் உப்பு அகப்படவேண்டும். ஆகவே பலகைத் தட்டு அவள் கை எட்டிய உயரத்திலே அடிக்கப்பட்டது. ஆணியும் அவள் சொன்ன இடத்திலே அறையப்பட்டது.

பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டாயின. நம் குடும்பங்கள் பல தாமான் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. கல்வீட்டுக் குசினியில், தரையிலிருந்து உட்கூரைவரை உயர்ந்த அலமாரி அழகாகத்தான் இருக்கிறது. அதைச் செய்து மாட்டியவர் சுவரை அளந்தார், சமைப்பவரை அளக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. புது அலமாரி வந்த மூன்றாம் மாதம், எங்கள் பெரியம்மா மேல்தட்டிலிருந்து உளுந்து எடுப்பதற்காகப் பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறினார். நாற்காலிக் கால் வளைந்தது. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அரைக் கிலோ உளுந்துக்காக அவர் ஆறு வாரம் கட்டுப்போட்டுக் கிடந்தார். இன்றைக்கும் தேங்காய் துருவ அந்தக் கை ஒத்துழைப்பதில்லை.

குசினியை யாருடைய அளவுக்கு அமைப்பது என்ற கேள்வி நமக்கு மட்டும் வந்ததன்று. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், புதிய குடியிருப்புகளுக்கு மார்கரெட்டே ஷுட்டே லிகோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சிறிய சமையலறையை வடிவமைத்தார். வேலைக்கு எத்தனை அடி நடக்கவேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்கிட்டுச் செய்த வடிவம் அது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகளைக் கைக்கெட்டும் இடத்தில் வரிசையாக வைத்தார். லயத்துத் தாய் ஆணி அறைந்து கண்டதும் ஏறக்குறைய இதுதான்.

சரி, உயரமான அலமாரி வந்துவிட்டது. பிடுங்கி எறிய முடியாது. என்ன செய்யலாம்? வீட்டில் அதிகம் சமைப்பவர்களில் மிகக் குள்ளமானவரை அலமாரிமுன் வெறுங்காலோடு நிறுத்துங்கள். குதிகாலைத் தூக்காமல் கையை உயர்த்தட்டும். விரல்கள் ஒரு டப்பாவைப் பற்றக்கூடிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். நடுவிலே 2 அடி அகலச் சமையல் மேடை இருந்தால், அதற்கு இப்பால் நின்றே அளக்கவேண்டும். எட்டும் உயரம் வெகுவாகக் குறைந்துபோவதைக் காண்பீர்கள்.

அன்றாடம் எடுப்பவை முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும். அரிசி, எண்ணெய் டின், அம்மிக்கல் போன்ற கனமானவை அடித்தட்டுக்கு. அரிசிப் பையை ஈரம் ஏறும் சிமெந்துத் தரையில் வைக்காமல் மூடியுள்ள வாளியில் கொட்டிவையுங்கள். தஞ்சோங் காராங் பக்கத்து அரிசியானாலும் வெளிநாட்டு அரிசியானாலும், வண்டு மணிக்குள்ளேயே முட்டையிட்டிருக்கக்கூடும். ஆகவே பழைய அரிசியின்மேல் புதியதைக் கொட்டாதீர்கள். காய்ந்த மிளகாய் போடும் வழக்கம் இருக்கட்டும். மூடி தளர்ந்திருந்தால் மிளகாய் மட்டும் என்ன செய்யும்?

பென்சில் கோட்டுக்குமேல் இலேசானதும் எப்போதோ ஒருமுறை வேண்டியதும் மட்டும் போகலாம். தீபாவளிப் பலகாரத்துக்கான காலி டப்பாக்கள், மர முறுக்கு அச்சு, காகிதத் தட்டுகள் போதும். பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் வேண்டாம். தவறி விழுந்தால் அவை தலையில்தான் விழும். அடுப்புக்கு நேர்மேலே உள்ள தட்டில் சூடும் ஆவியும் எந்நேரமும் ஏறுவதால், மசாலைத்தூளும் மருந்தும் அங்கே கெட்டுவிடும். ஆழமான தட்டில் பின்வரிசைப் பொருள் மறந்துபோகும். ஒரு நீளக் கூடையில் வைத்தால் கூடையோடு வெளியே இழுத்துப் பார்க்கலாம்.

தனியாக நிற்கும் உயர அலமாரியைக் கட்டாயம் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைக்கவேண்டும். இழுப்பறைகளைத் திறந்து படியாக்கி ஏறுவது பிள்ளைகளின் வழக்கம். மேல்பாரம் மிகுந்திருந்தால் அலமாரி அப்படியே முன்னே சாயும்.

இனி முக்கியமான ஒன்று. தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையைப் பெரும்பாலும் நம் பெண்களே செய்துவந்தார்கள். அவர்கள் கையாண்ட பராகுவாட் என்னும் களைக்கொல்லியை அரசாங்கம் 2002இல் தடை செய்தது, 2006இல் தடையை நீக்கியது, 2020 ஜனவரி 1 முதல் மறுபடியும் தடை செய்தது. அதற்கு முறிவு மருந்து இல்லை. ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரலை அழித்துவிடக்கூடும். அது போனாலும் வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. மீந்ததைச் சோடாப் புட்டியில் ஊற்றி, 'பிள்ளைக்கு எட்டாது' என்று அலமாரியின் உச்சித் தட்டில் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. பிள்ளைக்கு எட்டாது, உண்மை. ஆனால் இரவிலே தாகத்தோடு வரும் பெரியவர் கைக்கு எட்டும்! உச்சித் தட்டை ஒளிவிடமாக நினைக்கவே கூடாது. களைக்கொல்லி, எலிமருந்து, மண்ணெண்ணெய் ஆகிய எதுவும் குசினிக்குள் வரக்கூடாது. வாங்கிய கலத்திலேயே, ஒட்டிய சீட்டோடு, வெளியே பூட்டிவையுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்து நேரத்தைப் போக்காமல், அந்தக் கலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

மேல்தட்டுக்கு ஏற, கைப்பிடியுள்ள இரண்டுபடி ஏணி ஒன்று போதும். அது குசினியிலேயே இருக்கவேண்டும். கொல்லைப்புறத்தில் இருந்தால், அவசரத்தில் மீண்டும் பிளாஸ்டிக் நாற்காலிதான் முன்னே வரும்.

எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது இரண்டு பென்சில் கோடுகள் இருக்கின்றன. ஒன்று பெரியம்மாவுடையது; மற்றொன்று, அவரைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்ட பேத்தியுடையது. உளுந்து டப்பா பெரியம்மாவின் கோட்டுக்குக் கீழே இருக்கிறது.